காகிதமில்லாப் புஸ்தகமும் புதுப் பூசாரியும்

(ஒரு படிப்பகத் திறப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படிப்பகம் திறக்கும் இடத்தில் புஸ்தகத்தைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம். ஆனால் நாம் பேசப்போவது காகிதமும் மையும் இல்லாத மின்னூலைப் பற்றி. "சரஸ்வதி இனி மின்சாரத்தில் வருவாள்" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். சரஸ்வதிக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நம்மில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? நிற்க.

இந்த வித்தை நேற்று வந்ததல்ல. 1971ல் மைக்கேல் ஹார்ட் என்னும் அமெரிக்க மாணவர், அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கம்ப்யூட்டரில் தாமே தட்டெழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். அதுதான் குட்டன்பர்க் திட்டம். இன்று 70,000 புஸ்தகங்களுக்கு மேல் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழில் அதே காரியத்தை மதுரைத் திட்டம் 1998ல் துவக்கிற்று. 2007ல் அமேசான் கம்பெனி கிண்டில் என்னும் படிக்கும் கருவியைக் கொண்டுவந்தபிறகு இது பெரு வியாபாரமாயிற்று.

இதனால் நன்மை இல்லையா என்றால், உண்டு. பதிப்பாளர் வாசலில் காத்துக்கிடந்த எழுத்தாளன் இன்று தானே புஸ்தகம் போடுகிறான். நூற்றுக்குப் பத்து வாங்குவதே பெரும்பாடாயிருந்தவனுக்கு, அமேசானில் விலையில் 35, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 70 கிடைக்கிறது. கண் மங்கிய கிழவரும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். புது இயந்திரத்தைக் கண்டு பயப்படுவது நமது வேலையல்ல.

ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது? அதுதான் நமது கேள்வி.

2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நூல்களைக் கிண்டிலில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். விற்றவனுக்கு அமெரிக்காவில் அந்த உரிமை இல்லையென்று பின்னால் தெரிந்தது. கம்பெனி என்ன செய்தது? வாங்கினவர்களுடைய கருவிகளிலிருந்தே அந்தப் புஸ்தகங்களை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பாடத்துக்காக எழுதி வைத்த குறிப்புகளெல்லாம் புஸ்தகமில்லாமல் பயனற்றுப் போயின. அவன் வழக்குப் போட்டான். கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அழிந்த இரண்டில் ஒன்று, சர்க்கார் பழைய எழுத்தையெல்லாம் அழித்து மாற்றுவதைச் சொல்லும் '1984' என்பதுதான் வேடிக்கை! வெள்ளைக்கார சர்க்கார் ஒரு புஸ்தகத்தைப் பறிமுதல் செய்யவேண்டுமானால் போலீசார் வீடு வீடாய் ஏறவேண்டும். அரிசிப் பானைக்குள் ஒளித்தவன் தப்பினான். இங்கே பானையே கம்பெனியுடையது.

2019ல் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்னூல் கடையை மூடியபோதும் இதே கதை. பணம் திரும்பி வந்தது, புஸ்தகம் போயிற்று.

நூலகங்களையும் விடவில்லை. ஒரு மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்ததும் உரிமை தீர்ந்தது, மறுபடியும் வாங்கு என்று ஹார்ப்பர்காலின்ஸ் 2011ல் விதித்தது. அச்சுப் புஸ்தகமாயிருந்தால் அதற்குள் கிழிந்திருக்கும் என்பது வாதம். தோழர்களே, மின்சாரப் புஸ்தகம் எங்கேயாவது கிழியுமா? செத்தவனுக்குப் பசிக்கும் என்று பிண்டம் போடச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பூட்டில்லாவிட்டால் திருட்டுப் போகுமே என்பார்கள். டார் பதிப்பகம் 2012ல் பூட்டைக் கழற்றிற்று. திருட்டு அதிகமானதாகத் தெரியவில்லை என்று அதன் இங்கிலாந்துக் கிளையே மறு வருஷம் சொல்லிற்று.

2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் அமுலில் இருக்கிறது. கிடைப்பது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல், இப்படிப்பட்ட சரக்கை 'வாங்கு' என்று விளம்பரம் செய்யக் கூடாது. அடுத்த மாதமே அமேசான், வாங்கின நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை நிறுத்திற்று. ஏட்டைத் தான் வைத்துக்கொண்டு, "நீ கேட்டுக்கொள், தொடாதே" என்றவனை நமக்கு முன்பே தெரியும்.

ஆகையால் இந்தப் படிப்பகத்தார், கம்ப்யூட்டர் வாங்கும்போது மதுரைத் திட்டத்து நூல்களை முழுவதும் இறக்கி வைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் நகல் கொடுக்கவேண்டும். பூட்டுள்ள நூலுக்கு வசூல் பணத்தைச் செலவிடவேண்டாம். அந்தக் காசுக்கு அச்சுப் புஸ்தகமே வாங்குங்கள். இனி மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம்.