பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பைக்கு என்ன ஆகிறது?



மாசமா இருக்கும்போது ஊசி, சத்து மாத்திரை, ஸ்கேன் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். குழந்தை பிறந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேலே போய்விடுகிறது. பெற்றவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. இன்றைக்கு அதைப் பேசுவோம். வெட்கப்பட வேண்டாம், இங்கே நாம் பெண்கள் மட்டும்தான்.

எல்லாரும் கையை இறுக்கி மூடுங்க. சாதாரண நாளில் கர்ப்பப்பை கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிறைமாதத்தில் அதுவே, குழந்தையைச் சேர்க்காமல், ஒரு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. பிரசவம் ஆனதும் தொப்புள் பக்கம் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். பத்துப் பதினாலு நாளில் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும்.

நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாக இருக்கும். கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் தசையே அங்குள்ள ரத்தக்குழாய்களை நெரித்து மூடுகிறது, சுருக்குப்பையை இழுத்து மூடுகிற மாதிரி. பிள்ளை பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்து வலிக்குதே, அது இந்தச் சுருக்கம்தான். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் கூடுதலாகவே வலிக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றில் துணி கட்டுவதால் கர்ப்பப்பை சுருங்காதுங்க. (இதமாக இருந்தால் தளர்வாகக் கட்டிக்கோங்க, அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம்!)

நாங்கள் போய்வந்த ஒரு குழுவில், பிரசவமாகி ஒன்பதாம் நாள் ஒரு தங்கச்சிக்கு ரத்தம் அதிகமாகப் போனது. "கெட்ட ரத்தம்தானே, போகட்டும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கி, கர்ப்பப்பையைச் சுருங்க விடவில்லை. ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். கெட்ட ரத்தம் என்று உடம்பில் தனியாக எதுவும் கிடையாது. போனது அவளுடைய நல்ல ரத்தம்.

முதல் மூன்று நாலு நாள் சிவப்பாகப் படும். பிறகு பழுப்பாகி, பத்து நாளுக்கு மேல் வெளுத்துக் குறையும். சில பேருக்கு ஆறு வாரம் வரைகூட லேசாக இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைப்பதையும் விடணும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும்.

108 வண்டிக்குக் காசு கிடையாது. புருஷன் வரட்டும் என்று காத்திருக்காதீங்க, பக்கத்து வீட்டு உறுப்பினர் கூடப் போங்க. இப்படி அவசரம் வந்தால் கூட்டம் கூடும்வரை காத்திராமல் சங்கப் பணத்தில் இருந்து உடனே கடன் கொடுக்கலாம் என்று இன்றைக்கே ஒரு தீர்மானம் எழுதி வையுங்க. மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க பெயரையும் அதே பக்கத்தில் எழுதிடுங்க.