பல்லின் உட்புறம் காட்டும் படம்



பல்வலி வந்தால் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு நாட்களைக் கடத்துவது நம் வழக்கம். அவ்வாறே கடத்தி ஒரு கடைவாய்ப் பல்லை இழந்தவன் நான். வலி நின்றதும் நோய் நீங்கிற்று என எண்ணினேன். உண்மையில் பல்லினுள் இருந்த கூழ் செத்துப்போயிருந்தது.

நரம்பும் இரத்தக் குழாய்களும் அமைந்த அக்கூழின் நிலையை எக்ஸ்ரே காட்டுவதில்லை. 1896 முதல் பற்களைப் படம் பிடித்துவரும் அம்முறையில் கூழ் வெறும் கருநிழலே. வேர் நுனியில் எலும்பு ஓரளவு கரைந்த பின்னரே அங்குள்ள புண்ணும் புலப்படும். எம்.ஆர்.ஐ. எனும் காந்த அதிர்வுப் படம் இதற்கு நேர்மாறானது. உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டே அது உருவாகிறது. ஆதலின் நீர் நிறைந்த கூழ் வெண்மையாய் ஒளிர, எனாமல் இருண்டுவிடும். எக்ஸ்ரேக் கதிர்களும் இதில் இல்லை.

ஆயினும் மருத்துவரிடம் இப்படமே வேண்டுமென வற்புறுத்தாதீர்கள். பல்லைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது. உலோக உறையிட்ட பல் அருகிலிருந்தால் படம் சிதையும், நெடுநேரம் அசையாது படுத்திருக்க வேண்டும், செலவும் மிகுதி. பல்லைத் தட்டிப் பார்த்து, குளிர்ச்சி வைத்துச் சோதித்து, சிறு எக்ஸ்ரே எடுத்தே பெரும்பாலான வேர் நோய்களை மருத்துவர் அறிந்துவிடுகிறார். பல நாள் வலித்த பல் தானே வலி நின்றுவிட்டாலும், போய்க் காட்டுங்கள்.