ஒலி ஒப்புமையும் உறவும்



இவ்வட்டம் தொடங்கிய நாள்களில், இதே அடையாற்றில், ஆங்கிலத்தின் ‘ஒன்’ நம் ‘ஒன்று’ என்பதன் வழிவந்தது என்று பேசினேன். கைதட்டல் எழுந்தது. ஆனால் அது பிழை. அச்சொல்லின் பழைய ஆங்கில வடிவம் ‘ஆன்’. உறவுச் சொற்களாயின் பின்னோக்கிச் செல்லுந்தோறும் நெருங்க வேண்டும்; இவையோ விலகுகின்றன. அப்பிழையைத் திருத்தவே இன்று வந்தேன்.

சொற்கள் ஒத்திருப்பது பிறப்பால், கடனால், அன்றித் தற்செயலால். பிறப்புறவு ஒரு சொல்லைக் கொண்டு துணிவதன்று. தமிழின் பால், பல், புலி என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என்றாகின்றன. பகரம் ஹகரமாகும் இவ்வொழுங்கே உறவின் சான்று.

கடனுக்கு டச்சையும் எஸ்தோனியத்தையும் காட்டுவேன். முன்னது இந்தோ-ஐரோப்பிய மொழி. பின்னது பின்னிய மொழிக்கு உறவான ஊராலிய மொழி. ஆயினும், அலுவலகத்தை டச்சுக்காரர் ‘கன்டோர்’ என்பர். எஸ்தோனியர் ‘கொன்டோர்’ என்பர். மூலம், எண்ணிக் கணக்கிடும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரரிடமிருந்தே ஈழத்தமிழர் ‘கந்தோர்’ என்பதைப் பெற்றனர். நம் ‘துட்டு’ம் அவர்களுடைய ‘டொய்ட்’ என்னும் செப்புக்காசே.

நாமும் கடன் கொடுத்துள்ளோம். டச்சின் ‘கெரி’யும் எஸ்தோனியத்தின் ‘கரி’யும் நம் ‘கறி’. இரு மொழியிலும் வழங்கும் ‘கட்டமரான்’ நம் ‘கட்டுமரம்’. அதனால் அவ்விரு மொழிகளும் தமிழின் சேய்கள் ஆகிவிடா.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட ‘சித்திய’ இனத்தோடு உறவுபடுத்தினார். அக்கருத்து நிலைபெறவில்லை, எனினும் அந்நூலின் பெருமை குன்றவில்லை. திராவிட மொழிகளிடையே அவர் நாட்டிய உறவு ஒழுங்கின் மேல் நின்றது.

கவிஞர்களே, இரு சொற்களின் ஒலியை இணைத்துக் களிப்பது உங்கள் உரிமை; அதனை வரலாறு என்று மேடையேற்றாதீர்கள். பொய்ப்பெருமை ஒன்று உடைபடுமாயின் மெய்ப்பெருமையையும் உலகம் ஐயுறும்.

அருகிலுள்ள ஊரூர்க் குப்பத்தில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. கட்டுமரம் நம் கரையில் அருகிவிட்டது. அதன் பெயரோ பால்டிக் கடலிலும் மிதக்கின்றது. மெய்யான இவ்வொரு சொல், நான் அன்று சொன்ன பொய்யினும் பெரிது.