மணம் மாறும் வேளை



என் தாயாருக்கு அம்மான் முறையான பரிகாரியார் ஒருவர் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் இருந்தார். வருஷந்தோறும் மாரி தொடங்குவதற்கு முன்னால், தம் வீட்டு முற்றத்தில் வாலை கட்டி ஓமத் தீநீர் வடிப்பது அவருடைய வழக்கம். அகன்ற மண்பானையிலே ஊறிய ஓமமும் நீரும் கொதிக்க, அதன்மேற் பொருத்திய வாலையின் தலையிலே குளிர்ந்த நீர் நிற்க, எழுந்த ஆவி அந்தக் குளிர்ச்சியிற் பட்டுத் துளியாகி, மூங்கிற் குழாய் வழியே ஒரு போத்தலில் விழும். தலைநீர் சூடேறும்போதெல்லாம் அதை இறைத்துவிட்டுக் கிணற்று நீரை ஊற்றுவது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. அவரோ குழாயின் நுனிக்கு அருகே ஒரு பலகையிற் குந்தியிருந்து, அவ்வப்போது ஒரு துளியை உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். முகர்ந்துகொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து அடுப்பிலிருந்த விறகை இழுத்துவிடுவார். பானையில் இன்னும் பாதி நீர் கிடக்கும். ஒருமுறை என் தாயார் பொறுக்கமாட்டாமல், "இன்னும் எவ்வளவோ கிடக்குதே, அம்மான்?" என்று கேட்டார். "கிடக்கட்டும் பிள்ளை, மணம் மாறிப் போச்சுது" என்பதே அவர் சொன்ன மறுமொழி.

அந்த மறுமொழியின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது, பல வருஷங்களுக்குப் பின்னர், ஜின் என்னும் மதுவை வடிக்கிற பெரிய வடிசாலைகளின் தலைமை வடிப்பாளர்களுடைய தொழிலைப் பற்றிப் படித்தபோதுதான். இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயமும் அதுவே. மதுவைப் பற்றி வானொலியிற் பேசுவதா என்று சில நேயர்கள் மனம் வருந்தக்கூடும். நான் அதை வாயில் வைத்தவனல்லன். துறைமுகத்திலே பகலெல்லாம் மூட்டை சுமந்து பெற்ற கூலியைத் தவறணையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களையும், களவாக வடித்த கசிப்பைக் குடித்து உடல் கெட்டவர்களையும், அவர்களுடைய மனைவி மக்கள் பட்ட பாட்டையும் கண்ணாரக் கண்டவன். ஒருவரையும் குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று. ஆயினும், ஒரு பொருளை நாம் விரும்பவில்லை என்பதற்காக, அதை ஆக்குவதிலே அடங்கியிருக்கும் அரிய வித்தையையும் அறியாமலே இருந்துவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். அதிலும், அந்த வித்தைக்கும் நம் முற்றத்து வாலைக்கும் இரத்த உறவு இருக்கும்போது.

ஜின் என்பது யாது? தானியத்தையோ, கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சும் கரிய பாகையோ (கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் நம் மாவட்டத்தாருக்கு நன்கு பழகிய பாகுதான்) புளிக்கவைத்து வடித்து, தனக்கென்று மணமும் நிறமும் இல்லாதபடி சுத்தி செய்த சாராயத்தை, மூலிகைகளோடு சேர்த்து மீண்டும் ஒருமுறை வடித்தெடுப்பதே ஜின். ஐரோப்பியச் சட்டப்படி அந்த மூலச் சாராயம் நூற்றுக்கு 96 பங்கு வீரியமுள்ளதாக இருக்கவேண்டும். மூலிகைகளிலே ஜூனிப்பர் என்னும் மலைச்செடியின் கனியே முதன்மையாக மணக்கவேண்டும். 'லண்டன் டிரை' என்று பெயர் சூட்டப்பெறும் வகைக்கோ இன்னும் கடுமையான விதி உண்டு: வடித்து முடித்தபின் மணத்துக்காகவோ நிறத்துக்காகவோ எதையும் சேர்க்கலாகாது, சீனி சேர்த்தாலும் ஒரு லீற்றருக்குக் கிராமில் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது. வடிக்கும்போது பிழை நேர்ந்தால், பிறகு எதையேனும் கலந்து அதை மறைத்துக்கொள்ள வழியே இல்லை என்பது இதன் பொருள்.

இந்த மதுவின் சரித்திரமும் நம் திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரமும் ஓரளவு சேர்ந்தே நடந்தவை. 1639ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து நம் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தருடைய தேசத்திலேதான் ஜின்னின் மூதாதையாகிய ஜெனீவர் என்னும் சாராயம் பிரசித்தி பெற்றது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அதே கோட்டையைப் பறித்த ஆங்கிலேயர், அவர்களுடைய மதுவையும் அதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தனர். ஆங்கிலக் கடற்படையிலே சாதாரண மாலுமிக்கு ரம், அதிகாரிக்கு ஜின் என்னும் சம்பிரதாயம் நெடுங்காலம் நிலவியது. கடற்படைத் தளமாகிய பிளிமத் நகரில் 1793 முதல் ஜின் வடித்துவரும் பிளாக் ஃப்ரையர்ஸ் வடிசாலை இன்றும் தொழில் நடத்துகிறது. அந்தக் கடற்படை 1957 வரையில் நம் உட்துறையிலே நங்கூரம் பாய்ச்சி நின்றது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கொயினா உட்கொண்ட வெள்ளைக்காரர், அதன் கசப்பைத் தணிக்கச் சோடாவும் சீனியும் ஜின்னும் கலந்து பருகப் பழகியதும் இக்கதையில் ஒரு பகுதியே. கொயினா தரும் சிங்கோனா மரத்துக்காகவே 1861இல் ஹக்கல பூந்தோட்டம் உண்டாக்கப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மீதும் சீனன்குடாவின்மீதும் குண்டு வீசின. அன்றே மட்டக்களப்புக் கடலிலே ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த யுத்த காலத்திலே, கப்பல் வழியெல்லாம் அபாயமாய், ஐரோப்பியச் சரக்கு இத்தீவை அடைவது அரிதாகிவிட்டபோது, 1924இல் ஆரம்பமான ரொக்லண்ட் வடிசாலையைச் சேர்ந்த கார்ல் டி சில்வா விஜேரத்ன என்பவர், ஆங்கில அரசாங்கத்தின் அனுமதியோடு இலங்கையிலேயே ஜின் வடிக்க முற்பட்டார். வழக்கமான மூலிகைகள் எல்லாம் கிடைக்கவில்லை. இல்லாதவற்றின் இடத்தை அவர் எவற்றால் நிரப்பினார் தெரியுமா? கறுவாப்பட்டையால், இஞ்சியால், கறிவேப்பிலையால்! ஒவ்வொரு தமிழ் வீட்டின் அடுக்களையிலும் ஒவ்வொரு சிங்கள வீட்டின் அடுக்களையிலும் அன்றாடம் கைபடும் பொருள்கள் அவை. அவ்வழியில் வந்த ஜின், ஜூனிப்பர், கொத்தமல்லி, அதிமதுரம், ஏஞ்சலிக்கா வேர் ஆகியவற்றோடு இம்மூன்றும் கூடிய ஏழு பொருள்களின் சேர்க்கையாகக் கொழும்பின் பெயரையே தாங்கி, இன்று வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

இந்த இடத்திலே சற்று நின்று யோசிக்கவேண்டும். ஒரு மூலிகை கிடைக்காதபோது இன்னொன்றைத் தூக்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பது பெருந்தவறு. கறிவேப்பிலை, தாளிதத்திலே ஒரு கணம் வெடித்து வீடெங்கும் மணப்பதும், நெடுநேரம் கொதித்தால் மணம் இழந்து சக்கையாவதும் நம் பெண்கள் எல்லாரும் அறிந்த சங்கதி. கறுவாவோ, அளவு சிறிது மிஞ்சினாலும் பக்கத்திலுள்ள எல்லாவற்றையும் அடக்கித் தானே ஆளும். இஞ்சி, ஈரமாக இருக்கும்போது ஒரு குணம், காய்ந்து சுக்கானபின் வேறொரு குணம். தம் நாசியைத் தவிர வேறு பிரமாணம் இல்லாத ஒரு விஷயத்தில், இந்த மூன்றையும் ஜூனிப்பரின் ஆட்சிக்குக் கீழ்ப்படிய வைத்து, எதுவும் எதையும் விழுங்காதபடி அளவு நிர்ணயம் செய்த அந்த மனிதருடைய விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி, வடிசாலைக்குள்ளே தலைமை வடிப்பாளர் செய்கிற காரியங்களைப் பார்ப்போம். அவருடைய வேலை வாலைக்கு நெருப்பு மூட்டுவதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. ஜூனிப்பர் பெரும்பாலும் மலைச்சரிவுகளிலே தானாக வளர்வது. கனி பழுக்க இரண்டு வருஷமளவு செல்லும். ஒரே கிளையிலே பச்சைக் காயும் கறுத்த கனியும் சேர்ந்து நிற்கும் ஆதலால், கையாலேயே தெரிந்து பறிக்கவேண்டும். மழையும் வெயிலும் மாற மாற, அதன் எண்ணெயும் வருஷத்துக்கு வருஷம் மாறும். இத்தாலி, மக்கெடோனியா முதலிய இடங்களிலிருந்து வருகிற எண்ணற்ற மாதிரிகளைத் தனித்தனியே நசுக்கி முகர்ந்து, இந்த ஆண்டுக்கு உரியவை இவை என்று அவர் தெரிந்தெடுக்கிறார்.

அப்பால் ஊறவைத்தல். லண்டனிலுள்ள பீஃபீட்டர் வடிசாலையிலே ஒன்பது வகை மூலிகைகளைச் சாராயத்தில் 24 மணி நேரம் ஊறவிட்டபின்னரே வடிக்கிறார்கள். ஊறியது செப்பு வாலைக்குச் சென்று சூடேறுகிறது. செம்பு வெறும் பாத்திரமன்று. ஆவியிலே கலந்துள்ள கந்தக வாடையைத் தன்மேல் ஈர்த்துக்கொண்டு அதனைச் சுத்தமாக்கும் குணம் அதற்கு உண்டு.

வடிதிரவம் வரத் தொடங்கியதும் தலைமை வடிப்பாளரின் உண்மையான பரீட்சை வருகிறது. முதலில் விழுவது காரமும் கூர்மையுமாய் நாசியைக் குத்தும்; முந்திய வடிப்பின் எச்சமும் அதில் இருக்கும். அதை ஒதுக்கிவிடுகிறார். அதன்பின், எலுமிச்சை, தோடம்பழத் தோல்களின் மெல்லிய மணம் முந்திவர, ஜூனிப்பரும் கொத்தமல்லியும் நடுவில் எழ, வேர்களும் பட்டைகளும் தம் கனத்துக்கேற்பப் பின்தங்கி வர, ஒரு கிரமமான ஊர்வலம்போல மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்கின்றன. இந்த நடுப்பகுதியே ஜின்னாகிறது. கடைசியில் வருவது அவிந்த தழையின் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கொண்டது, அதையும் ஒதுக்கவேண்டும். முதற்பகுதி முடிந்து நடுப்பகுதி தொடங்குவது எந்தக் கணம், நடுப்பகுதி முடிந்து கடைப்பகுதி தொடங்குவது எந்தக் கணம் என்பதே முழு வித்தையும். சிறிது தாமதித்தால் அந்தப் பிசுக்கு முழு வடிப்பையும் கெடுத்துவிடும். அவசரப்பட்டு முன்னதாகவே நிறுத்தினால், வேர்களின் ஆழமான மணம் வந்து சேராமல் ஜின் வெறுமையாகிவிடும். எண்ணெய் மிதமிஞ்சிப் புகுந்துவிட்டாலோ, பின்னர் நீர் சேர்த்து வீரியத்தைக் குறைக்கும்போது தெளிந்த திரவம் பாலாகக் கலங்கும். காயம் கழுவும் டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றியதும் அது வெளுப்பதற்கும் இதுவே காரணம்.

வெப்பமானிகளும் வீரியமானிகளும் மணத்தைக் கூறு கூறாகப் பிரித்து அளக்கும் நுட்பமான யந்திரங்களும் இன்று வந்துவிட்டன. அவை பெரிய துணை என்பதில் ஐயமில்லை. எனினும் கடைசி முடிவை நாசியே சொல்லுகிறது. ஆகையால் வடிப்பாளர், நீர் கலந்து வீரியத்தைத் தணித்த மாதிரியை வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்தி, முந்திய வடிப்புகளிலிருந்து எடுத்துவைத்த மாதிரியோடு ஒப்பிட்டு முகர்ந்து பார்க்கிறார்.

1967இல் இத்தொழிலிற் புகுந்து, பிளிமத்திலே கால் நூற்றாண்டளவு உழைத்து, 1995இல் பீஃபீட்டருக்கு வந்தவர் டெஸ்மண்ட் பெயின். 2008இல் ஜப்பானிய, சீனத் தேயிலைகளைச் சேர்த்து ஒரு புது ஜின்னை ஆக்கியவர் என்று அவரைப் பலர் புகழ்வர். நியாயமான புகழ்ச்சியே. ஆனால் என் மனத்தில் மேலாக நிற்பது அதுவன்று. அந்த நெடிய காலமெல்லாம், மழை தப்பிய வருஷத்திலும் மிகுந்த வருஷத்திலும், கனி எண்ணெய் வற்றி வந்தபோதும் நிறைந்து வந்தபோதும், பழைய ஜின் பழைய மணத்தோடேயே வெளிவரும்படி காத்தாரே, அந்தப் பிரயாசையே பெரிது. புதுமை செய்தவர் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. மாறாமற் காத்தவருடைய உழைப்பு, அது வெற்றி பெற்ற காரணத்தாலேயே, ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. நெடுநாளைய பெயருள்ள வடிசாலையிலே தலைமைப் பதவி என்பது பெரும்பாலும் இவ்விதமான கண்காணாக் காவலே.

பரிகாரியாரிடம் மறுபடி வருகிறேன். தீநீரிலே முதலில் வரும் சத்தை அவர் ஒதுக்கவில்லை. மருந்துக்கு அதுவே உயிர். அவர் காத்திருந்தது கடைசி எல்லைக்காக, தீய்ந்த வாடை எட்டிப்பார்க்கும் அந்த வேளைக்காக. ஆகவே இரண்டு தொழிலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் பானையிற் கிடந்த பாதி நீருக்கு ஆசைப்படாமல் விறகை இழுத்த அந்தக் கையும், லண்டனிலே செப்பு வாலையின் குழாயைத் திருப்பும் கையும் ஒரே அறிவினால் இயங்கியவை. ஒரு வேறுபாடு மட்டும் என்னை வருத்துகிறது. அங்கே தலைமை வடிப்பாளரின் பக்கத்திலே இளையவர் ஒருவர் பல வருஷம் நின்று, அவர் முகர்ந்ததைத் தாமும் முகர்ந்து, அந்த மணத்தைத் தம் ஞாபகத்தில் ஏற்றிக்கொண்ட பின்னரே பொறுப்பு கைமாறுகிறது. எங்கள் வீட்டிலோ, தலைநீர் மாற்றிய பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தும், அந்தத் துளியை எங்கள் கையில் ஏந்திப் பார்க்கவேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் காலமானபின் வாலை கோடியிலே கிடந்து உடைந்தது.

நம் நிலாவெளிக்கு அருகே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயிலும் மாணவர்களையும், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏனையோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ தீநீர் வடித்துப் பழகிய முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், எந்த மணம் வந்தபோது அவர் அடுப்பை அவித்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவையுங்கள். கூடுமானால் ஒருநாள் அவரைக்கொண்டு வாலை கட்டுவித்து, அவர் பக்கத்தில் அமர்ந்து, அந்தத் துளியை உங்கள் உள்ளங்கையிலும் வாங்கி முகர்ந்து பாருங்கள்.