கூட்டக் குறிப்பில் காணாத எழுவாய்



கல்வி நிறுவனங்களின் பணிப்பண்பாடு, தலைமைத்துவம் பற்றிப் பேசுமாறு கழகத்தார் கேட்டுக்கொண்டபோது சற்றுத் தயங்கினோம். நிருவாகவியல் நம் துறையன்று. ஆயினும், ஓர் அலுவலகத்தின் நலத்தை அறியக் கணக்கேட்டைவிடக் கூட்டக் குறிப்பேடே பெரிதும் உதவும் என்பது நம் எண்ணம். அதைப் படிக்க இலக்கணம் போதும்.

‘முடிவு செய்யப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’, ‘ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்று எழுதுகிறோம். முடிவு செய்தவர் யார்? வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை. செய்தவரை விட்டு, செயப்படுபொருளே செய்ததுபோலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஏற்கிறது. திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டதுபோலச் சொல்வதை உரையாசிரியர்கள் அதற்குக் காட்டாகத் தருவர். அங்கே மெழுகியவள் யாரென்பது வீட்டாருக்குத் தெரியும். அலுவலகத்தில் அது தெரியாமலிருப்பதற்காகவே அவ்வாறு எழுதுகிறோம்.

தன்மைப் பன்மையிலும் இதே சிக்கல் உண்டு. தமிழில் ‘நாம்’ கேட்பவரை உட்படுத்தும். ‘நாங்கள்’ அவரை விலக்கும். மலாயிலும் ‘கித்தா’, ‘காமி’ என இவ்வேறுபாடு உண்டு என்பதை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (மேடை மரபை ஒட்டி நம்மை ‘நாம்’ என்றே குறித்துக்கொள்கிறோம்; பொறுத்தருள்க.) பாராட்டு வரும்போது மேலிடம் ‘நாங்கள்’ என்கிறது. பழி வரும்போது ‘நாம் அனைவரும்’ என்கிறது.

இது நாம் கண்ட ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்றி தயாரித்த ஒரு கல்வி அமைப்பில் மொழி ஆலோசகராக இருந்தோம். தலைவர் கற்றறிந்தவர், கொடியவர் அல்லர். ஆனால் அவர் பேசி முடித்தபின் எவரும் பேசியதில்லை. ஒப்பந்தப் பணியிலிருந்த இளம் ஆசிரியை ஒருவர், முதலாம் ஆண்டுப் பயிற்றியில் இன்னும் கற்பிக்கப்படாத எழுத்துகளைக் கொண்ட சொற்கள் முதற் பாடங்களிலேயே வந்திருப்பதைக் கண்டார். கூட்டத்துக்கு முன் நம்மிடம் வந்து, “நான் சொன்னால் எடுபடாது, ஐயா. நீங்கள் சொல்லுங்கள்” என்றார். சொல்வதாக ஒப்புக்கொண்டோம். கூட்டத்தில் தலைவர் அச்சக நாளைக் குறிப்பிட்டுவிட்டு, “வேறு ஏதும் உண்டா?” என்றபோது ஏற்கெனவே கோப்பை மூடிக்கொண்டிருந்தார். நாம் வாய் திறக்கவில்லை.

நூல் அச்சாயிற்று. பள்ளிகளில் ஆசிரியர்கள் அப்பக்கங்களில் தாள் ஒட்டிக் கற்பித்தார்கள். அடுத்த கூட்டக் குறிப்பு ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்றது. மழை பெய்ததைச் சொல்வதுபோல! ஆண்டிறுதியில் அந்த ஆசிரியையின் ஒப்பந்தம் ‘புதுப்பிக்கப்படவில்லை’. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்றுவரை நம்மை உறுத்துவது தலைவரின் தவறு அன்று, நம்முடைய மௌனம்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல தலைமையுள்ள குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என எதிர்பார்த்தவருக்கு, கூடுதலாகவே பதிவாகியிருந்தது வியப்பளித்தது. அக்குழுக்களில் தவறுகளை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே, புகாரே வராத பள்ளியையும் துறையையும் கண்டு தலைவர்கள் மகிழ்வதற்கு முன் சற்று ஐயுற வேண்டும்.

பின்னாளில் ஒரு சிறு குழுவுக்குத் தலைமை தாங்க நேர்ந்தபோது, நாம் மூன்றே மாற்றங்களைச் செய்தோம். பணியில் இளையவர் முதலில் பேச வேண்டும். தலைவர் இறுதியில் பேச வேண்டும். குறிப்பேட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் எழுவாய் இருக்க வேண்டும். முதல் இரு கூட்டங்களில் இளையவர்கள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்குவது எளிதாக இல்லை. நாமே பேசிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. மூன்றாம் கூட்டத்தில், தட்டச்சுப் பணியிலிருந்த பெண், நாம் எழுதிய கலைச்சொற் பட்டியலில் ஒரே சொல்லுக்கு இருவேறு தமிழாக்கங்கள் இருப்பதாகச் சொன்னார். பக்க எண்ணையும் சொன்னார். அன்றைய குறிப்பில் தவறு செய்தவராக நம் பெயரும், கண்டறிந்தவராக அவர் பெயரும் இடம்பெற்றன.