இரவு வகுப்பு விளக்குக்கு ஒரு பேட்டரிப் பெட்டி



சென்ற அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் மின்சாரம் நின்றபோது நம் இரவு வகுப்பின் விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் புத்தகத்தை மூடிக்கொண்டு வீடு திரும்பினர். பேட்டரி செத்திருந்தது. மாற்றலாமென்றாலோ, கடையில் வாங்கிய பெட்டியின் மூடி பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. உடைத்தே திறந்தோம். ஆகவே இம்முறை நாமே பெட்டி செய்தோம். செய்த விதத்தைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர்.

நாம் எடுத்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈய அமில பேட்டரி. நீளம் 151, அகலம் 65, முனைகளோடு உயரம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். பெட்டி அடக்கமாயிருக்க வேண்டுமென்று அதே அளவுக்குப் பலகையை அறுத்துவிட்டோம். உள்ளே வைத்த பேட்டரியை எடுக்க விரல் நுழையவில்லை! தச்சு வேலை அறிந்த மாணவர் ஒருவர்தாம் வழி சொன்னார்: அடியில் ஒரு நாடாவை விரித்து இரு முனைகளையும் மேலே விட்டால், இழுத்தே தூக்கிவிடலாம். பி.ஏ., பி.எட். படித்த நமக்கு அது தோன்றவில்லை. பக்கத்துக்கு 5 மில்லிமீட்டரும், மேலே கம்பிகளுக்கு 30 மில்லிமீட்டரும் விட்டு மறுபடி அறுத்தோம்.

அளவு மீறி மின்னேற்றினால் இவ்வகை பேட்டரியும் ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். இலேசான வாயுவாதலால் மேலே செல்லும். எனவே துளைகளைப் பெட்டியின் மேற்புறத்தில் இட்டோம்.

12 வோல்ட்தானே என்று சிலர் அலட்சியம் செய்கின்றனர். தொட்டால் அதிர்ச்சி இல்லை என்பது மெய்யே. ஆயினும் இரு முனைகளையும் ஓர் ஆணி இணைத்துவிட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஆணி பழுக்கும்; கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும் உறை எரியும். ஆகையால் 3 ஆம்பியர் பியூஸை நேர்முனையை ஒட்டியே வைத்தோம். விளக்கருகில் வைத்திருந்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் ஏது?

நம் விளக்கு 6 வாட். அரை ஆம்பியர் எடுக்கும். இரண்டு மணி வகுப்புக்கு 1 ஆம்பியர்-மணியே செலவு. மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடலாகாது. இறங்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

மூடிக்குப் பசை இல்லை. மரத்திருகாணியும் நாலைந்து முறை கழற்றினால் பிடி தளர்ந்துவிடும். எனவே நான்கு மூலையிலும் போல்ட்டும் நட்டும் இட்டோம். மூடியின் உட்புறத்தில் பேட்டரி பொருத்திய தேதியும் பியூஸின் அளவும், சிவப்புக் கம்பி நேர்முனைக்கு என்பதும் எழுதியுள்ளோம். நாளை திறப்பவர் நம்மைத் தேடி வரவேண்டியதில்லை.

பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வர்.

பெட்டி இதோ மேசைமேல் இருக்கிறது; அருகில் திருப்புளியும் உண்டு. கூட்டம் முடிந்ததும் கழற்றிப் பாருங்கள்.