தண்ணீர் கட்டும்போது



எனக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. சித்தப்பா அங்கே மக்காச்சோளம் போட்டிருந்தார். ஒருநாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் தண்ணீர் கட்டப் போனேன்.

வேலை சுலபம்தான். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை இழுத்துப் போட்டு அதன் வாயை அடைத்து, அடுத்ததன் வாயை வெட்டிவிட வேண்டும். நடுவில் சில நிமிஷம் சும்மா நிற்கணும். அந்தச் சும்மா நிற்பதுதான் நமக்கு வராதே! கைபேசியை எடுத்தேன். எந்த ஊரிலோ யாரோ பனியில் வழுக்கி விழுகிறார். ஒன்று பார்த்தால் அடுத்தது தானாக வருகிறது. நிமிர்ந்தபோது வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்துவிட்ட சித்தப்பா திட்டவில்லை. மம்முட்டியை என் கையிலிருந்து வாங்கினார். “தண்ணி இங்க இருக்கு. நீ எங்கப்பா இருக்கே?” என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு அவர் தண்ணீர் கட்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த மண்ணில் தண்ணீர் ஏறும்போது ஒரு சத்தம், பாத்தி நிறையும்போது வேறு சத்தம். திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிகிறது. அவருக்கும் கவலைகள் உண்டு. கடன், மகள் கல்யாணம் எல்லாம் நினைப்பில் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு பாத்தியும் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறது.

மனசை இப்படித் திரும்பக் கூப்பிடுவதையே பாடமாக வைத்திருக்கிற இடம் ஒன்று எங்கள் மலைமேல் உண்டு. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலை, பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேரும். அந்தப் பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கியது ‘போதி ஜென்டோ’ என்ற ஜென் தியான மையம். தொடங்கியவர் ஆமா சாமி. இயேசு சபைத் துறவி. ஜப்பானில் யமடா கோஉன் என்ற ஜென் ஆசானிடம் பயின்றவர். நம் ‘தியானம்’ சீனத்துக்குப் போய்ச் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று. கிறித்தவத் துறவி ஒருவர் அதைத் திரும்ப நம் பழனி மலைத்தொடருக்குக் கொண்டுவந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஜென்னில் புதிதாக உட்காருகிறவர்களுக்குப் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள். நடுவில் மனசு எங்கேயாவது போய்விட்டால், மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றில் விட்டாலும் ஒன்றுதான், ஒன்பதில் விட்டாலும் ஒன்றுதான். நான் வீட்டில் முயன்று பார்த்தேன். முதல் நாள் நாலைத் தாண்டவில்லை.

கைபேசி கையில் இல்லாவிட்டால் மனசு என்ன செய்கிறது என்பதையும் ஒருநாள் பார்த்தேன். பழனி முருகன் மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் கைபேசி கொண்டுபோகத் தடை. அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. படியேறும்போது கை நாலைந்து தடவை சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. பாதி மலையில் அது நின்றுவிட்டது. சன்னிதியில் நமக்குக் கிடைப்பதே சில விநாடிதான். அதில் முருகனைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இறங்கி வந்து கைபேசியை வாங்கியதும் அங்கேயே நின்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசு திருந்திவிட்டதாகப் பொய் சொல்லக்கூடாது.

ஆனால் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனால் இப்போது கைபேசியை மோட்டார் ரூமிலேயே வைத்துவிடுகிறேன். வரப்பு அப்புறம் உடையவில்லை.

நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலிக்கு ஒரு நல்ல குணம், உங்கள் கையையும் கண்ணையும் அது கேட்பதில்லை. காதை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதற்காக முழுசாக என்னையே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அடுப்பில் பால் வைத்தவர்கள் யாராவது இருந்தால், எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.